ரத்தத்தில் நின்ற மருந்து

மூளையைக் காக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் பேராசிரியர் அப்புத்துரை பினாங்கு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் எலிக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஈரல் அதைச் சிதைத்துவிடும். ரத்தத்தில் மிச்சமே இருக்காது.

“நாளைக்குக் கோலாலம்பூர் கம்பெனிக்காரங்க வர்றாங்க. மருந்து ரத்தத்துல நிக்கலேன்னா நீ வேற வேலை தேடிக்க லா!” என்றார் உதவியாளர் சந்திரிகாவிடம்.

மறுநாள் விருந்தாளிகள் முன்னால் அவள் பரிசோதனை முடிவைக் காட்டினாள். ஒரு மணி நேரம் கழித்தும் மருந்து ரத்தத்தில் அப்படியே இருந்தது!

“சார், அந்த எலி…” என்று இழுத்தாள்.

“அப்புறம் சொல்லும்மா!”

கைதட்டினார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் கார் வரை வழியனுப்பிவிட்டு வந்த அப்புத்துரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

“நேத்து வரைக்கும் நிக்காத மருந்து, இன்னிக்கு எப்படிம்மா நின்னுச்சு?”

“சிதைக்கிறதுக்கு ஈரல் வேலை செய்யணுமே சார். ஊசி போட்டதுமே எலி செத்துப்போச்சு.”

அப்புத்துரை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சற்று யோசித்துவிட்டு, நம்பிக்கையோடு நிமிர்ந்தார்.

“அதோட மூளைக்கு ஒண்ணும் ஆகலையே?”