ஃபவ்வாஸின் ஆறு மணி

"கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைங்களேன். வேலிக் கேட்டைச் சிப்பாய்ங்க அவங்க நேரத்துக்குத்தான் திறப்பாங்க" என்றாள் மனைவி ரஸ்மிய்யா.

"கோடை வந்துடுச்சுன்னு அவங்க கடிகாரத்தை அவங்க தள்ளிக்கட்டும். நோன்பு முடியற வரைக்கும் நம்ம நேரம் மாறாது" என்றார் ஃபவ்வாஸ்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. பூட்டின கேட்டைப் பார்த்துட்டு வந்தீங்க."

"நிலத்தைத்தான் எடுத்துக்கிட்டான். மணி என்னன்னும் அவனைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

ராணுவம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் அவருக்கு முப்பது ஒலிவ மரங்கள் இருந்தன. ரெண்டு வருஷமாக உள்ளே போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. இந்த வருஷம் ரெண்டே நாளுக்குக் கொடுத்தார்கள். நேற்று வீணாகப் போனது. இன்று கடைசி. மூணாவது வருஷமும் உழாமல் கிடந்தால் தரிசு என்று எழுதி அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்.

இது ஊருக்கே தெரியும். அப்படியும் ஃபவ்வாஸ் கடிகாரத்தில் கை வைக்க மாட்டார் என்பதும் ஊருக்கே தெரியும்.

கோவேறு கழுதை மேல் கலப்பையை ஏற்றிக்கொண்டு, தன் ஆறு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். அவர்கள் கணக்கில் ஏழு. கேட் திறந்திருப்பது ஆறிலிருந்து ஆறேகால் வரைதான்.

ஆனால் கேட் ஆவென்று திறந்து கிடந்தது.

"பார்த்தியா? நம்ம நேரத்துக்கு வந்துட்டானுங்க" என்று கோவேறு கழுதையிடம் சொன்னார்.

கிட்டே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டு ஜவ்தத்தின் வண்டி, ஒரு சக்கரம் கழன்று, கேட்டுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது. வண்டி நிறைய ஆட்டுப் புழுக்கை. வண்டிக் கழுதை தன் வீடு மாதிரி அங்கேயே படுத்துவிட்டது. ஒரு சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். இன்னொருவன் முழங்கால் போட்டுப் புழுதியைத் துழாவிக்கொண்டிருந்தான்.

ஜவ்தத்தோடு அவருக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. டெல் அவீவில் கட்டட வேலை பார்த்தவன். கையில் இருக்கும் கடிகாரம்கூட அவர்கள் நேரம்தான் காட்டும். பேச்சு இல்லையே தவிர, ஏச்சு உண்டு.

"இருபது வருஷம் அவனுங்களுக்கு மாடி மாடியா கட்டிக் கொடுத்தே. சொந்த வண்டிக்கு ஒரு சக்கரம் மாட்டத் தெரியலையாடா?"

ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிற ஜவ்தத், இன்று தலையை மட்டும் ஆட்டினான்.

மூக்கைப் பொத்தியிருந்த சிப்பாய் உடைந்த அரபியில் புலம்பினான். "ஒரு மணி நேரமா இவனோட சக்கரத்து நட்டைத் தேடறோம். பையெல்லாம் உதறிப் பார்த்தாச்சு. இந்த நாத்தத்துல வண்டியைத் தள்ளவும் முடியல, கேட்டைப் பூட்டவும் முடியல. சீட்டைக் காட்டு. நீ ஏன் இவ்வளவு லேட்டு?"

"உன் கேட் திறந்திருக்கு. என் கால் நடக்குது. இதுல லேட்டு எங்கே வந்துச்சு?"

சிப்பாய் புழுக்கையைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"போய்த் தொலை."

வண்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே கோவேறு கழுதையை நெருக்கி ஓட்டியபோதுதான் ஃபவ்வாஸ் கவனித்தார். ஜவ்தத்தின் ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"அடப்பாவி! நோன்பு மாசத்துல, வெள்ளனவே, வாயில என்னடா அது? பேரீச்சம்பழமா? இல்ல, இவனுங்க கொடுத்த மிட்டாயா?"

"ம்ம்... ம்ம்" என்று மறுத்துத் தலையசைத்தான் ஜவ்தத். போ போ என்று கையைக் காட்டினான்.

"வாயைத் திறக்க முடியுதா பாரு! சாயங்காலம் பள்ளிவாசல்ல வச்சு ஊரைக் கூட்டிச் சொல்றேன்டா. அல்லாவுக்குப் பயப்பட வேணாம், என் நாக்குக்காவது பயப்படு."

இருபது அடி நடந்தார். முதல் மரம் வந்துவிட்டது. இடுப்பு உயரத்துக்குப் புல். கலப்பையை இறக்கினார். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை. பதினோரு வருஷ பாக்கியில் இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று திரும்பினார்.

சிப்பாய்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் பேரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஃபவ்வாஸ் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று ஜவ்தத் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து, கன்னத்தில் அடக்கியிருந்ததை உள்ளங்கையில் துப்பினான். சட்டையில் துடைத்து, சக்கரத்தை மாட்டி, அதை அச்சில் வைத்துத் திருகினான்.

இரும்பு நட்டு.