வாங்கிக் கட்டிக்கொண்டவன்

எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும்.

தணிகாசலம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவனும் நன்றாகத்தான் தலையாட்டினான். ஆனால் கை கேட்க வேண்டுமே! துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டிய கை. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே திருப்பித்தான் அதற்குப் பழக்கம்.

எதிரே வலை. தண்ணீர்மேல் வரிசையாக வெள்ளை மிதவைகள்.

விலகத்தான் பார்த்தான். படகு நேராகப் போய் அதன்மேலேயே ஏறியது.

எஞ்சின் முக்கிக்கொண்டு நின்றது.

போச்சு.

தணிகாசலமும் அவரைப் போல ஓய்வுபெற்ற நாலைந்து பேரும் ஞாயிறுதோறும் செய்கிற காரியம் இது. நடக்க முடியாதவர்களை, பார்வை இல்லாதவர்களை, கேட்க நாதியில்லாதவர்களைப் பழவேற்காட்டுக் கால்வாயில் படகேற்றிக் கூட்டிப்போவார்கள். இவனைச் சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு பேர் தூக்கிவந்து பின்பலகையில் உட்கார வைத்தார்கள். நாற்காலி கரையிலேயே நின்றுவிட்டது.

தூக்கியவர்களுக்கு நன்றி சொன்னான். குடை பிடித்தவருக்கு நன்றி. தண்ணீர் பாட்டில் கொடுத்தவருக்கு நன்றி. விபத்துக்குப் பிறகு நன்றி சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்துவிட்டது.

நடுக் கால்வாய்க்கு வந்ததும் தணிகாசலம் எஞ்சின் பிடியை அவனிடம் கொடுத்தார். கொஞ்ச தூரம் அவன் கைமேல் தன் கையை வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"நீயே பாத்துக்க, தம்பி" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். கை காலியாக இல்லை.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

வலைக்காரர். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் படகின் விளிம்புக்கு மேலே இவனுடைய நெஞ்சும் தலையும்தான் தெரியும்.

"அந்தாண்ட அவ்ளோ எடம் கெடக்குது. என் வலைமேலதான் உட்டு ஏத்துவியா? வூட்ல சொல்லிகினு வந்தியா?"

அட! எத்தனை பைக்காரர்களைப் பார்த்து இவன் லாரியிலிருந்து தலையை நீட்டிக் கேட்ட கேள்வி!

பக்கத்திலிருந்த அவன் மனைவி குமுதா பதறிக் கைகூப்பினாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அவருக்கு வந்து..."

அவன் அவள் முழங்கையை அழுத்தினான்.

"சொல்லாத."

"அங்க இன்னா குசுகுசுன்னு? எறங்கி வாய்யா. வந்து எடு."

எறங்கி வா.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்!

தணிகாசலம் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே பின்பக்கம் வந்தார். அவன் அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தான். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. எஞ்சினைத் தூக்கிச் சாய்த்துக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"இங்கேர்ந்தே எடுத்துடறேண்ணே."

குனிந்தான். குமுதா வேணாம், வேணாம் என்று கத்திக்கொண்டே சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு கிடந்தது.

"இழுக்காத! அறுந்து பூடும். திருப்பு. அட, இந்தப் பக்கம்யா. கைய்யா அது, உலக்கையா?"

திருப்பினான். நைலான் இழை விரலை அறுத்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

சந்தோஷமாக இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அப்படி ஒரு சந்தோஷம்.

யாரும் இப்போது அவனைத் திட்டுவதில்லை. எதைக் கொட்டினாலும் பரவாயில்லை என்கிறார்கள். அவன் நிழலைக் கண்டாலே எரிந்துவிழுந்த அண்ணன்கூட ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறான். குமுதா இருக்கிறாளே, ஒரு காலத்தில் அவள் வாயைத் திறந்தால் தெருவே ஜன்னலைத் திறக்கும். அந்தக் குமுதா அவனோடு ஒரு சண்டை போட்டு எத்தனை காலம் ஆகிறது!

கடைசிச் சுற்றும் கழன்று வந்தது.

வலைக்காரர் இழுத்துப் பார்த்தார். இரண்டு மூன்று கண்ணிதான் அறுந்திருந்தது. அதற்கும் ஒரு முறை முறைத்தார்.

"மன்னிச்சுக்கண்ணே. தப்பு எம்மேலதான்."

வாய்க்கு எவ்வளவு நன்றாக இருந்தது அந்த வார்த்தை! நன்றி சொல்ல ஆயிரம் காரணம் கொடுத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க ஒன்றும் கொடுத்ததில்லை.

"சரி, சரி. அடுத்த தபா வர்றப்போ பாத்து ஓட்டு."

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் தலை மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

குமுதா இன்னும் சட்டையை விடவில்லை.

"அறிவு இருக்குதாய்யா உனக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எம்மாந்தூரம் குனியற? தல குப்புற உழுந்திருந்தா? நான் பாட்டுக்குக் கத்தறேன், காதுல வாங்குறியா நீ? பெரிய இவரு! இங்கேர்ந்தே எடுக்குறாராம். எடுத்துக் கிழிச்ச! சட்டை கிழிஞ்சிருந்தா என்னய்யா பண்ணியிருப்ப?"

அழுதுகொண்டே திட்டினாள். முன்பக்கம் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தணிகாசலம் பதறிப்போய் எழுந்தார். "விடும்மா, பாவம், அவரு..."

அவன் அவசரமாகக் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னான்.

அவள் இன்னும் முடிக்கவில்லை.