கூடுதல் ஐந்து கிலோ

கம்பி தலைக்கு மேலே ஆடாமல் நின்றது. தூக்கியது செல்லும் என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்குகளும் எரிந்தன.

கூட்டம் கைதட்டியது, பேருக்குத்தான். இந்த எடை அவனுக்கு இரண்டாம் இடத்தைத்தான் கொடுக்கும். அந்த எடைப்பிரிவிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போகப்போவது ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரு ஆள் நான்தான் என்று முதலிடத்தில் இருந்த போலீஸ்காரன் ஏற்கெனவே சோடா உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஐஸ்காரன் கம்பியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். ஐஸ் பேக்டரியில் பாளம் சுமக்கிறவன் என்பதால் மைதானத்தில் எல்லோருக்கும் அவன் ஐஸ்காரன்.

போலீஸ்காரனைத் தாண்ட நூற்றைம்பது கிலோ தூக்க வேண்டும். கடைசி வாய்ப்புக்கு ஐஸ்காரன் கேட்டதோ நூற்று நாற்பத்தைந்து. தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று பயிற்சியாளரிடம் புளுகினான். அவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தோள்பட்டைக்கு ஒரு கேடும் இல்லை. ஒலிபெருக்கி 'நூற்றைம்பது' என்று சொல்லிவிட்டால் போதும், அவனுக்குக் கால் இரண்டும் வெடவெடக்கும். இரண்டு வருஷமாக இதே கூத்து. பேக்டரியில் அதற்குக் குறையாத பாளங்களைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முதுகில் ஏற்றிப் போவான். அங்கே எடையைக் கூவிச் சொல்ல ஆளில்லை.

இனி ஆயுசுக்கும் ஐஸ்தான் என்று நினைத்தபடி மேடையை விட்டு இறங்கப் போனான்.

அப்போது மேடையோரம் ஒரு கை உயர்ந்தது. கம்பியில் எடைப் பிளேட்டு மாட்டுகிறவனின் கை.

அவன் வேறு யாருமில்லை, ஐஸ்காரனின் மச்சான். பெண்டாட்டியின் கூடப் பிறந்த அண்ணன். மற்ற நாட்களில் லேத் பட்டறை, போட்டி நாட்களில் இந்த வேலை. வீட்டை எதிர்த்துக்கொண்டு தங்கை ஐஸ்காரனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளைத் தலைமுழுகிவிட்டான். ஐஸ்காரனிடமோ ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்காகப் பிளேட்டு மாட்டும்போதுகூட முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வான்.

"சார், தப்பு நடந்துபோச்சு. பக்கத்துக்கு ரெண்டரை கிலோ கூடப் போட்டுட்டேன்."

பாவி, என்னைக் கவிழ்க்கத்தான் பார்த்திருக்கிறான் என்றுதான் ஐஸ்காரனுக்கு முதலில் தோன்றியது. தூக்கியதும் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்தான்.

நடுவர்கள் வந்து பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூட்டிப் பார்த்தார்கள். நூற்றைம்பது.

போலீஸ்காரனின் ஆட்கள் கத்தினார்கள். தலைமை நடுவர் கையை உயர்த்தி அடக்கினார். கேட்டதற்கு மேல் எடை தவறிப்போய் ஏறிவிட்டால், வீரர் அதைத் தூக்கியிருந்தால் தூக்கியதே கணக்கு. தூக்க முடியாமல் போயிருந்தால் இன்னொரு வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும். விதி அப்படி.

ஆக, ஐஸ்காரன் முதலிடம். போலீஸ்காரன் கையில் சோடா அப்படியே இருந்தது.

பிறகு தலைமை நடுவர் மச்சானை வாங்கு வாங்கென்று வாங்கினார். கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்றார். இனி மேடைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட பிளேட்டு மாறிப் போகாத ஆள் அவன். அதைச் சொல்ல அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

தூக்கினாலும் லாபம், தூக்காவிட்டாலும் நஷ்டமில்லை. இது ஐஸ்காரன் மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும், கழுத்தில் மாலை போட வந்தவர்களை விலக்கிக்கொண்டு நடைவழியில் ஓடினான். மச்சானின் கையைப் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

மச்சான் இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"நூத்தம்பதுன்னு காதுல விழுந்தாத்தான் உனக்குக் கால் உதறுமாமே, மாப்ளே? அதான் காதுல விழாம போட்டேன்."

பிற்பாடு ஐஸ்காரன் இரண்டு ஒலிம்பிக் பார்த்தான். முதலாவதில் ஏழாம் இடம், அடுத்ததில் ஐந்தாம் இடம். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம் பயிற்சியாளருக்கு நன்றி, லீவு கொடுத்த முதலாளிக்கு நன்றி என்று அடுக்கினான். மச்சானின் பேரைச் சொன்னால் அந்தத் தப்பு எப்படிப்பட்ட தப்பென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்த நன்றியை மட்டும் மென்று விழுங்கினான். எல்லாவற்றிலும் பெரிய நன்றி அதுதான்.

அன்று நடைவழியில் இதெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. மச்சானின் கையை விடாமல் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பயத்தை அவன் பயிற்சியாளரிடம் சொன்னதில்லை. பேக்டரியில் ஒருவரிடமும் சொன்னதில்லை. விளக்கை அணைத்த பிறகு, வெட்கத்தோடு, பெண்டாட்டியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். சரி, தூங்குங்க என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செத்தாலும் இங்கே வராதே என்று துரத்திய அண்ணன் வீட்டுக்கு, இவனிடம் மூச்சுக்கூட விடாமல் அவள் போயிருக்கிறாள். நினைக்க நினைக்க அவனுக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது.

கதவு திறக்கும்வரை வெளியே எவ்வளவு நேரம் நின்றிருந்தாளோ.