பார்வைக்கோடு

சித்தப்பா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியின் மேல் கிராஃப் தாளை விரித்தாள். காற்றில் பறக்காமலிருக்க ஒரு ஸ்பேனரை எடுத்து மூலையில் வைத்தாள்.

பள்ளிச் சீருடையோடு நேராக சைக்கிள் கடைக்கு வந்திருந்தாள். வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் அப்பா திட்டமாட்டார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் எழுந்து போய்விடுவார். அண்ணன் இறந்ததிலிருந்து, அந்த வீட்டில் சித்தப்பாவின் பேச்சை எடுத்தவர்களுக்கு அதுதான் பதில்.

“என்ன பாப்பா இது, யானைக்குட்டி படுத்திருக்கா?”

“மலை சித்தப்பா. நம்ம மலையேதான்.”

“நம்ம மலைக்கு எப்ப இப்படி உடம்பு போட்டுது?”

“உயரத்தைப் பெருசாக்கித்தான் போடுவோம். அப்பத்தான் மேடு பள்ளம் புரியும். ஆனா தெரியிற இடம் தெரியும், மறையிற இடம் மறையும். அது மாறாது.”

பள்ளியின் கடைசி வருடப் புவியியலில் அது ஒரு செய்முறைப் பாடம். சொந்த ஊரின் நிலவரைபடத்தில் இரண்டு இடங்களைக் குறிக்க வேண்டும். நடுவில் வரும் சமஉயரக் கோடுகளைப் பார்த்து, நிலத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டியதுபோல் வரைய வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஒரு கோடு. கோடு மண்ணில் முட்டாமல் போனால் இங்கே நிற்பவருக்கு அங்கே இருப்பவர் தெரிவார். முட்டினால் தெரியமாட்டார்.

மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் ரயில் நிலையத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கல்குவாரியை எடுத்துக்கொண்டாள். ஒரு முனை, சித்தப்பா கொடியோடு நின்ற பாறை. மறுமுனை, பள்ளி விட்டுக் குறுக்குவழியில் வந்த அண்ணன் கிடந்த பள்ளம்.

வெடிக்கு முன் கொடிக்காரர் சுற்றிலும் பார்ப்பார். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் பச்சைக் கொடியை அசைப்பார். அன்று சித்தப்பா அசைத்தார். விசாரணைக்கு வந்தவர்களிடம், நின்றபடியே கண்ணசந்துவிட்டதாகச் சொன்னார். சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்தபின் இந்தக் கடை.

“என்னய்யா தூங்குமூஞ்சி, என் வண்டி ஆச்சா? இல்ல ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் ஒட்டுவியா?” எதிர்க்கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“உன் வண்டியை முடிச்சிட்டுத்தான் படுக்கணும். படுத்துட்டா என்னை எழுப்புறது கஷ்டமாச்சே!”

அவர் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பாறையிலிருந்து கிளம்பிய கோட்டைப் பென்சில் முனையால் தொடர்ந்து காட்டினாள். கோடு பாதி வழியில் ஒரு மேட்டுக்குள் புகுந்து, அந்தப் பக்கம்தான் வெளியே வந்தது.

“பாருங்க. நல்லா முழிச்சிட்டு இருந்திருந்தாலும் உங்களுக்கு அண்ணன் தெரிஞ்சிருக்க முடியாது. உங்க மேல தப்பே இல்ல. இன்னிக்கே இதை அப்பாகிட்ட காட்டப்போறேன். ராத்திரி நீங்க எங்க வீட்லதான் சாப்பிடறீங்க.”

இதைச் சொல்வதற்காகத்தான் அவள் அந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்து சரிபார்த்திருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த கையோடு ஒரே தம்பியையும் இழந்துவிட்ட மனிதர் அப்பா. தம்பியையாவது அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

சித்தப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்தார். தாளைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

“இந்த மேட்டைக் கொஞ்சம் கொறைச்சு வரைய முடியாதா பாப்பா?”

அவளுக்குப் புரியவில்லை. “அளந்து போட்டிருக்காங்க சித்தப்பா. நான் எப்படிக் கொறைக்கிறது?”

“அதுவும் சரிதான்.” தலையாட்டினார். “அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நானும் போய் அதே இடத்துல நின்னு பார்த்தேன். பள்ளம் தெரியலை.”

“அது தெரிஞ்சுமா தூங்கிட்டேன்னு சொன்னீங்க?”

அவர் தொட்டிக்குத் திரும்பி டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார்.

“அப்பா இப்பல்லாம் நேரத்துக்குச் சாப்பிடறாரா?” என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே.

இதுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தது மேட்டைத்தான். இப்போது கோடு தொடங்கும் இடத்தைப் பார்த்தாள்.

குவாரியில் கொடிக்காரர் தனக்குத் தோன்றிய இடத்தில் நிற்பதில்லை. காலையில் மேஸ்திரி கையை நீட்டி ஒரு பாறையைக் காட்டுவார். அன்றைக்கு அதுதான் இடம். இது அவளுக்குத் தெரியாததல்ல.

அந்த வருடம் மேஸ்திரி, அப்பா.

அவள் பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். மேட்டைத் தொடவில்லை. கோட்டை மட்டும், பள்ளத்தில் தொடங்கிப் பாறைவரை, மெதுவாக அழித்தாள்.

தாளில் சேர்ந்த தூளைச் சித்தப்பா குனிந்து ஊதிவிட்டார்.