சிறுபிளவு

நகரத்துக்கு அடியில் ஒரு பாறை மற்றொன்றின் மேல் ஏறி நெருக்கிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு இடையிலான பெரும்பிளவு அசைந்து நிலம் நடுங்கினால் நகரமே மிஞ்சாது. மலையடிவாரத்தில் பாறைகள் பக்கவாட்டில் உரசும் சிறுபிளவை ஆண்டுக்கொருமுறை வேண்டுமென்றே அசைத்து, பொறியாளர் மரகதம் அந்த நெருக்கத்தைக் குறைத்துவந்தாள். அடிவாரத்து மக்களை முன்னதாகவே திடலுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்த அடிவாரம்தான் அவளுடைய சொந்த ஊர்.

இன்று நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில், சிறுபிளவை அசைக்கும் பட்டனை அவள் அழுத்திய பத்தாவது நிமிடம், தம்பி குணாளன் போன் செய்தான்.

"அக்கா, வீடு இடிஞ்சிடுச்சு. அப்பா திடலுக்கு வரல. 'எம் பொண்ணு அழுத்துற பட்டன், என்னை என்ன பண்ணிடும்'னு உள்ளயே உக்காந்துட்டாரு."

"இப்ப எப்படிடா இருக்காரு?"

குணாளன் அழுதான்.

எதுவும் அறியாத மேலதிகாரி சிரித்தபடி வந்தார். "நகரத்துல ஒரு டம்ளர்கூட ஆடல, மரகதம். அடுத்த வருஷமும் நீங்களே பண்ணிடுங்க."