கழித்த படங்கள்

கோமளாவின் தங்கை தூக்கத்திலேயே இறந்துபோனாள். இதயச் செல்லுக்குள் சோடியத்தை விடும் கதவு, திறந்த மறுகணமே மூட வேண்டியது, அவளுக்கு மூடாமல் நின்றுவிட்டது என்றார்கள். அதே கோளாறுள்ள கதவுப் புரதத்தைத்தான் கோமளா நான்கு வருடங்களாக ஆய்வகத்தில் உறையவைத்துப் படமெடுத்து வந்தாள். லட்சக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒத்துவராதவற்றைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். மிஞ்சியவை சேர்ந்து தந்த உருவத்தில் கதவு எப்போதும் மூடியே இருந்தது.

“கழிச்சதையெல்லாம் ஒரு தடவ அடுக்கிப் பாப்பமா, ஜெரால்டு?”

“அது குப்பை மேடம்,” என்றான் உடன் வேலைசெய்யும் ஜெரால்டு. ஆனாலும் அடுக்கினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது திரையில் வந்தது. சோடியம் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்திருந்தது கதவு. இத்தனை நாளும் அவள் தன் கையாலேயே தங்கையைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜெரால்டு துள்ளினான். “இந்தச் சந்துல மருந்து போய் உக்காந்தா அடைச்சிரலாம் மேடம்! இப்பவே திரையில போட்டுப் பாக்கட்டுமா?”

மவுஸை நோக்கிப் போன அவன் கையைக் கோமளா பிடித்து நிறுத்தினாள்.

“கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்ப்பா.”