துக்கம் விசாரித்த குரல்

தொகுதியில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும், பாடை கட்டுவதற்கு முன்பே மத்திய அமைச்சர் மங்கையர்க்கரசியின் குரல் போனில் வந்துவிடும். பேசுவது இயந்திரம்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் செத்தவர் பேரைச் சொல்லி விசாரித்து, நாம் அழுதால் கூடவே அழுகிற குரலை யார்தான் வேண்டாம் என்பார்கள்? மூன்று தேர்தலை அந்தக் குரல்தான் ஜெயித்துக் கொடுத்தது.

அமைச்சரின் கணவர் குழந்தைவேலு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மங்கையர்க்கரசி டெல்லியிலிருந்து வந்து சேர்வதற்குள் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை.

வீட்டுப் போன் அடித்தது. எடுத்த உதவியாளர் வெளிறிப்போனார். "உங்க குரல்தானுங்கம்மா. இந்த வீட்டுக்கும் பேசுது. நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

"இங்க கொடுங்க."

"அக்கா, நான் மங்கையர்க்கரசி பேசறனுங்க. அண்ணன் போயிட்டாருன்னு கேட்டதும் கையும் ஓடல, காலும் ஓடல. கடைசியா என்ன சொன்னாருங்கக்கா?"

"தெரியலைங்க," என்றார் அமைச்சர். "நான் பக்கத்துல இல்ல. நீங்க நேர்ல வர மாட்டீங்களா?"

"பார்லிமென்ட் நடக்குதுங்கக்கா. முடிஞ்சதும் மொத வேலையா அங்கதான் வர்றேன்."

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்ட கணவரிடம் அமைச்சரே தன் வாயால் சொன்ன பதில் அது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. போனில் குரலும் கூடவே அழுதது.